தஞ்சாவூரில் ஒரு நாள், இருவர்: ஊரிலேயே இருப்பதா, மூன்று கோயில்களுக்கும் ஓடுவதா?

கணவனும் மனைவியுமாகத் தஞ்சாவூருக்கு ஒரே ஒரு நாள் போகிறவர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் அன்றே பார்த்துவிடலாமா, தஞ்சாவூரோடு நிறுத்திக்கொள்ளலாமா? நானும் என் மனைவியும் இரண்டு விதமாகவும் போய் வந்திருக்கிறோம். தஞ்சாவூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் பதில்.

மூன்று கோயில் திட்டம் ஏன் இழுக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. 2004-இல் மற்ற இரண்டும் சேர்ந்தன. பெரிய கோயில் ராஜராஜன் கட்டியது, கங்கைகொண்ட சோழபுரம் மகன் ராஜேந்திரன் கட்டியது, தாராசுரம் பின்னால் வந்த இரண்டாம் ராஜராஜன் கட்டியது. சோழர் கலை எப்படி மாறியது என்பதை ஒரே நாளில் கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சாலைக் கணக்கு வேறு. தஞ்சாவூரிலிருந்து தாராசுரம் சுமார் 35 கிலோமீட்டர். அங்கிருந்து கும்பகோணம் தாண்டி, கொள்ளிடம் கடந்து கங்கைகொண்ட சோழபுரம் போக ஏறக்குறைய அதே தூரம். திரும்பி வர 70 கிலோமீட்டர். போதாததற்கு நண்பகலிலிருந்து நான்கு மணிவரை சன்னிதி நடை சாத்தியிருக்கும். நாங்கள் போன அன்று பெரிய கோயிலுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம், தாராசுரத்துக்கு ஒரு மணி நேரம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் இறங்கிவிட்டது. தம் அடியாரான சண்டேசருக்குச் சிவபெருமான் தம் கையாலேயே கொன்றை மாலையைத் தலையில் சுற்றிவிடும் அந்தச் சிற்பத்தை அரையிருட்டில்தான் பார்த்தோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஊரிலேயே இருந்த நாள் காலை ஆறரை மணிக்குத் தொடங்கியது. விமானத்தின், அதாவது கருவறைமேல் எழும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலையில் அது மேற்கே நீண்டு, கருவூர்த் தேவர் சன்னிதிப் பக்கம் முழுவதையும் மூடிக் கிடக்கும். நாங்கள் உட்கார்ந்தது அந்த நிழலில்தான். கல் குளிர்ந்திருந்தது. பதினொரு மணிக்கு அதே முற்றத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மூன்று கோயில்காரர்கள் பலர் வந்து இறங்குவது அந்த நேரத்தில்தான்.

விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றிலும் கல்வெட்டு. தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்ன மன்னன் ராஜராஜன். அக்கன் என்றால் குந்தவை. வேறு ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 ஆடல் மகளிரின் பெயரும், வந்த ஊரும், குடியிருந்த தெருவும் வீடும்கூட இந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கின்றன. என் மனைவி ஒரு வரியை விரலால் தொடாமல், காற்றிலேயே எழுதிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ட, ப, ம மூன்றும் பிடிபட்டன. நான்காவதாக ஒரு யகரத்தை நான் கண்டுபிடித்தேன். அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை மணி நேரத்தில் கோயிலை முடிக்க வேண்டியவர்களுக்கு இது வாய்க்காது.

வெயில் ஏறியதும் அரண்மனை. நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரித்த இடம். மாடியேறுவதைவிடக் கலைக்கூடத்தில் கூடுதல் நேரம் இருங்கள். தம்பதியாகப் போகிறவர்கள் இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு; இரண்டுமே திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த செம்புத் திருமேனிகள். முதலாவது ரிஷபவாகனர், காளையோடு நிற்கும் சிவன். இப்போது காளை இல்லை. ஆனால் அதன்மேல் ஊன்றிய கை அப்படியே இருக்கிறது; ஒரு காலைக் குறுக்கே வைத்து, பாம்புகள் பின்னிய சடையைத் தலைப்பாகைபோல் சுற்றிக்கொண்டு நிற்கிறார். அவரைச் செய்து வைத்தது 1011-இல். பக்கத்தில் நிற்கும் தேவி வந்தது அடுத்த ஆண்டு, 1012-இல்.

இரண்டாவது கல்யாணசுந்தரர். பார்வதியின் கையைச் சிவன் பிடித்திருக்கும் இடத்தை மட்டும் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்கவில்லை, பட்டும் படாமலும் ஏந்தியிருக்கிறார். அவள் முகம் சற்றே தாழ்ந்திருக்கிறது. எத்தனையோ திருமணங்களில் கைப்பிடிக்கும் அந்த நொடியைப் பார்த்திருப்போம். இவ்வளவு அமைதியோடு நான் வேறெங்கும் கண்டதில்லை.

சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் அதே வளாகத்தில்தான். இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்த ஏடுகளையும் படங்களையும் முக்கால் மணி நேரத்தில் பார்க்கலாம். சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, 1779-இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் கையைச் சரபோஜி பற்றியிருக்கும் சலவைக்கல் சிற்பம் அங்கே உண்டு. இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. நேரமிருந்தால் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஊரிலேயே இருப்பதால் இழப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையான இழப்பு தாராசுரம்தான். பெரிய கோயிலில் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்றால், இங்கே குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். கருவறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் நாயன்மார் கதைகள் வரிசையாக ஓடுகின்றன. ஒரு முழம்கூட உயரமில்லாத பலகைகள். முதலை உண்ட பிள்ளையைச் சுந்தரர் மீட்டுத் தரும் கதையும் அவற்றில் ஒன்று. முன்மண்டபம் குதிரை பூட்டிய தேராகவே நிற்கிறது. இருவரில் ஒருவருக்காவது சிற்பத்தில் தீராத ஆசை இருந்தால், பிற்பகல் மூன்று மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து கிளம்பி இதை மட்டும் பார்த்துவிட்டு, கும்பகோணத்தில் காபி குடித்துத் திரும்புங்கள். அதற்கு மாலையில் பெரிய கோயிலுக்கு மறுபடி போவதைக் கைவிட வேண்டியிருக்கும்.

அந்த மாலையைக் கைவிட எனக்கு மனம் வராது. ஐந்து மணிக்கு மேல் விமானம் பொன்னிறத்துக்கு மாறுகிறது. குடும்பம் குடும்பமாக ஊரே வந்து புல்வெளியில் அமர்கிறது. காலையில் மேற்கே கிடந்த நிழல் இப்போது கிழக்கே, மண்டபத்தைத் தாண்டி நந்தி இருக்கும் பக்கமாக நீள்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தை இந்த நாளோடு சேர்க்கவே வேண்டாம். சோழநாட்டின் தலைநகராக இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் இருந்த இடம் அது. சிதம்பரம் போகும்போது அதற்கென்று ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். நாங்கள் அப்படித்தான் மறுபடி போனோம். எட்டு மணி வெயிலில் அந்தக் கொன்றை மாலையின் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரிந்தது.