குனிந்து களை பறிப்பதா, கோனோவீடர் தள்ளுவதா?

தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா வயலில் களை பறிக்கும் பெண்கள் கரையேறியதும் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் வளைவார்கள். மணிக்கணக்கில் குனிந்தே இருந்தால் மேலுடம்பின் பாரத்தைக் கீழ்முதுகுத் தசைகளும் முதுகெலும்புத் தட்டுகளும்தான் சுமக்கின்றன. பயிர் வரிசைகளுக்கு நடுவே தள்ளிக் களையெடுக்கும் கைக்கருவியான கோனோவீடரை நின்றபடியே தள்ளலாம், முதுகு தப்பிக்கிறது. வலி தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடம் மாறலாம் என்பது வேறு கதை. வண்டல் சேற்றில் கருவி கனக்கும். கைப்பிடி ஆளின் உயரத்துக்கு ஒத்துவராவிட்டால் மறுபடியும் கூன்தான். கருவி ஓட, பயிருக்குப் பயிர் எல்லாப் பக்கமும் 22.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்ட சதுர நடவும் வயலில் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். பயிரை ஒட்டி முளைத்த களைக்கு எப்படியும் கைதான். என் ஓட்டு கருவிக்கே, ஆள் மாற்றி மாற்றித் தள்ளுவதாக இருந்தால். வரிசையில்லாமல் நெருக்கி நட்ட வயலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.