ஆசிட் ஸ்லரியா, எஸ்எல்இஎஸ் பசையா?

சலவைத்தூளோ பாத்திரம் கழுவும் திரவமோ தயாரிக்க இறங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அழுக்கு நீக்கும் மூலப்பொருளாக ஆசிட் ஸ்லரியா, எஸ்எல்இஎஸ் (சோடியம் லாரில் ஈதர் சல்பேட்) பசையா என்பதுதான். அழுக்கை நீக்குவது இரண்டுக்கும் பொது. கையாளும் விதம் முற்றிலும் வேறு.

ஆசிட் ஸ்லரி பழுப்பு நிறத்தில் பாகுபோல் ஒழுகும் கடும் அமிலம். பெட்ரோலிய வழியில் வரும் லீனியர் அல்கைல் பென்சீனைச் சல்பர் டிரைஆக்சைடு வாயுவுடன் வினைபுரியவைத்துப் பெரிய ஆலைகள் இதைத் தயாரிக்கின்றன. விலை மலிவு, எண்ணெய்ப்பிசுக்கை நன்றாக அகற்றும். ஆனால் அமிலத்தைக் காரம் சேர்த்து நடுநிலையாக்கியாக வேண்டும். தூளுக்குச் சோடா ஆஷ் போதும். கலக்கும்போது கரியமில வாயு கிளம்பித் தூள் கலவை பொங்கும். திரவத்துக்கு நீர்த்த காஸ்டிக் சோடா கரைசலில் ஸ்லரியைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் கலவை கொதித்துத் தெறிக்கும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியாமல் கேனைத் திறக்கவே கூடாது. சாதாரண இரும்புப் பாத்திரத்தை இது அரித்துவிடும்.

எஸ்எல்இஎஸ் ஏற்கெனவே நடுநிலையாக்கப்பட்ட பசை. பெரும்பாலும் 70 சதவீதச் செறிவில் கிடைக்கிறது. பசையின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் கரைவதற்குப் பதில் இறுகி ஜெல்லாகிவிடும். அதனால் நிறையத் தண்ணீரில் பசையைப் போட்டு மெதுவாகக் கிளற வேண்டும். வேகமாகக் கிளறினால் நுரைதான் மிஞ்சும். சமையல் உப்பு சேர்த்தால் திரவம் கெட்டியாகும், அளவு மீறினால் திரும்பவும் நீர்த்துவிடும். உப்புத்தண்ணீர் (கடின நீர்) வரும் ஊர்களில் ஸ்லரியைவிட இதுவே நன்றாக நுரைக்கும்.

தூளுக்கு ஸ்லரிதான் கட்டுப்படியாகும். பாத்திரத் திரவத்துக்கு இரண்டையும் கலப்பதே என் தேர்வு. குழந்தைகள் நடமாடும் வீட்டில் தொழில் தொடங்குபவர் ஸ்லரியைத் தயவுசெய்து உள்ளே கொண்டுவர வேண்டாம்.