பச்சைக் கதவுக் கொலுசுக் கடை, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பெயர்ப்பலகை கிடையாது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் புகுந்து "பச்சைக் கதவுக் கடை எதுங்க?" என்று கேட்டால், ஏதாவது ஒரு பட்டறையிலிருந்து தலையை நீட்டி வழி சொல்லிவிடுவார்கள். எட்டடி அகலம். நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசற்படியில்தான். வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிடுங்கள்.

அக்கா மகள் சீருக்குக் கொலுசு எடுக்கப் போயிருந்தேன். டிசைன் காட்டுவதற்கு முன்னாலேயே கடைக்காரர் கேட்டது: "என்ன டச்சுல பாக்கறீங்க தம்பி?" டச் என்றால் நூறு பங்கில் எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு.

எடுத்தது 120 கிராம், 80 டச். அப்படியென்றால் அதில் வெள்ளி 96 கிராம், மீதி செம்பும் பற்றவைப்பும். இந்தக் கணக்கைத் துண்டுச்சீட்டில் அவரே எழுதிக் காட்டினார். வெள்ளிக்குத் தனி, கூலிக்குத் தனி, 3 சதவீத ஜிஎஸ்டி தனி. சுத்த வெள்ளி மெத்து, கொலுசுக்கு நிற்காது, செம்பு சேர்ந்தால்தான் கண்ணி இறுகும் என்றார். 92.5 டச் வேண்டுமென்றால் சொல்லிவைத்தால் செய்து தருகிறார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு: சில வருஷத்துக்கு முன் ஏசி போட்ட ஒரு கடையில், காபி கொடுத்து, முழு எடைக்கும் சுத்த வெள்ளி விலையைப் போட்டு என்னிடம் பணம் வாங்கினார்கள். அவசரத்துக்கு அதை விற்றுக் காசாக்கப் போனபோதுதான் டச் என்ற சொல்லே அவர்கள் வாயில் வந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேலே தேறியது. அந்தக் காபி இன்னும் கசக்கிறது.

பச்சைக் கதவுக்காரர் பதினாலு வயதில் பட்டறைக்குப் போனவர். கண்ணி பற்றவைக்கிற வேலை. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுத் திண்ணையில் அவர் பற்றவைக்க, அந்தம்மா சலங்கை கோத்திருக்கிறார். வெள்ளியைக் கடனுக்கு வாங்கி, கொலுசாக்கி, சைக்கிளில் ஆத்தூர்ப் பக்கம் ஊர் ஊராக விற்று, அறுவடைக்கு அறுவடை தவணை வசூல். இதையெல்லாம் உட்கார்ந்து கதையாகச் சொல்லவில்லை. தராசு நிற்கிற வரைக்கும் ஒரு வரி, அடுத்த ஜோடி எடுக்கிற நேரத்தில் இன்னொரு வரி. "கடன் குடுத்தவர் டச் பாத்துத்தான் திருப்பி வாங்குவாரு. அவருகிட்ட ஏமாத்த முடியுமா? அந்தப் பழக்கம்தான்."

இப்போது மகள்தான் கணினியில் பில் போடுகிறார், கணக்கு அவர் கையில். மகனுக்குக் கண்ணாடிக் கதவு போட ஆசை. 2025இல் வெள்ளி ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு கனமான கொலுசு கேட்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். லேசான டிசைன்களை மகன் அடுக்க, அப்பா அதை உள்ளே தள்ள, என் எதிரிலேயே ஒரு சின்னச் சண்டை. எனக்கென்னவோ மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிசைன் ரொம்பக் குறைவு, என் அக்கா மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

குறை இன்னும் உண்டு. வெள்ளிக்கிழமை போனால் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் போகவே போகாதீர்கள்.

மூணு மாதத்தில் ஒரு கண்ணி விட்டுப்போனது. எடுத்துப் போனேன். "நாளைக்கு வாங்க அண்ணா, ஆள் வரட்டும்" என்றான் பையன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிஷத்தில் கொலுசு சூடாகக் கைக்கு வந்தது. காசு வாங்கவில்லை, பழைய பில்லை மட்டும் கேட்டார்.