மாதிரிப் பாடத்தை நம்பிக் காசு கட்டாதீர்கள்

உயர்தர இரசாயனத்துக்கு ஒன்லைனில் வீடியோவாகப் பதிவுசெய்த வகுப்பு தேடுகிற மட்டக்களப்புப் பெற்றோரும் அக்காமாரும் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

விளம்பரத்தில் சொன்னது இதுதான்: ஒரு பக்கம் சேர் பேசும் வீடியோ, மறுபக்கம் ஸ்லைட். வேண்டிய ஸ்லைட்டைத் தொட்டால் வீடியோ அந்த இடத்துக்கே போகும். இலவசமாகக் காட்டிய முதல் பாடத்தில் அச்சொட்டாக அப்படியே போனது. தம்பிக்கு மொத்தமாகக் காசு கட்டினோம்.

சேதன இரசாயனம் வந்ததும் கூத்துத் தொடங்கியது. ஸ்லைட்டில் பென்சீனின் நைத்திரேற்றம், அம்புக்குறிக்கு மேலே செறிந்த நைத்திரிக் அமிலமும் சல்பூரிக் அமிலமும். சேரோ கிரிக்னாட் சோதனைப்பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். கேட்டால், "உங்கட போன் பழசு அக்கா" என்றார்கள். ஆரையம்பதியில் மச்சாளின் புது லேப்டாப்பிலும் அதே கதைதான்.

வீடியோ தொடங்கி எத்தனையாவது விநாடியில் எந்த ஸ்லைட் வரவேண்டும் என்று உள்ளே ஒரு பட்டியல் இருக்கும். பட்டியல் போட்ட பிறகு முன்னால் விளம்பரம் ஒட்டினால் ஸ்லைட் எல்லாம் ஒரே அளவு முந்தும். நடுவில் வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து பிந்தும். இவர்கள் பாடத்துக்குப் பாடம் இரண்டையும் செய்திருக்கிறார்கள், பட்டியலைத்தான் தொடவில்லை. யூடியூபில் சும்மா போடுகிற ஆசிரியர்கள்கூட 0:00 இலிருந்து நேரம் குறித்து ஒழுங்காகப் பகுதி பிரிக்கிறார்கள்!

வயிறு எரிவது இதற்குத்தான்: ஒரு பாடத்தை மூன்று தடவைதான் பார்க்கலாம். ஸ்லைட்டைத் தொடும்போதெல்லாம் பக்கம் புதிதாகத் திறக்க, அதுவும் ஒரு தடவை என்று கணக்காகிறது. பொருந்தாத ஸ்லைட்டைத் தேடித் தேடியே தம்பியின் தடவைகள் தீர்ந்தன. மேலதிகமாகப் பார்க்க வேறு கட்டணமாம். கட்டிய காசு திரும்பாதாம்.

காசு கட்டுமுன் நடுவிலிருந்து ஒரு பாடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்து ஸ்லைட் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள், பிள்ளை படிக்கப்போகிற அதே போனில். ஸ்லைட்டைத் தனியாக இறக்க முடியுமா, தடவைக் கணக்கு எப்படி என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். வங்கியில் கட்டிய சீட்டை எறிய வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். எங்கள் சீட்டையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் எடுத்து வைத்திருக்கிறோம்.