குன்னூருக்கு மேலே எந்த ஃபைபர்?

மேட்டுப்பாளையத்தில் ஏறும் ஃபைபர் குன்னூர் வந்து சேர்ந்தாலே பாதி வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் இந்த இன்டர்நெட் கொடுக்கும் தொழிலுக்கு வந்தேன். மிச்சப் பாதி தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. எஸ்டேட் லைன் வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு), தேயிலை ஃபேக்டரி, மருத்துவமனை, போர்டிங் பள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இழுத்துவிட முடியாது. எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்வி: நடுவழியில் கரண்ட் வேண்டுமா? அறுந்தால் எந்தச் சரிவில் இறங்கி ஒட்ட வேண்டும்?

வீடுகளுக்கு, ஒரே இழையைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான்தான். எங்கள் பக்கத்துப் பெட்டியான ஓஎல்டியிலிருந்து ஒரே ஒரு கோர் (கண்ணாடி இழை) கிளம்பும். வழியில் ஸ்ப்ளிட்டர் அதை 32 ஆகவோ 64 ஆகவோ பிரிக்கும். ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடி, கரண்ட் கேட்காது. இதற்கு முன்னால் நாங்கள் செய்துகொண்டிருந்தது கம்பத்துப் பெட்டிக்குள் சுவிட்ச், மீடியா கன்வெர்ட்டர், ஒரு பேட்டரி. ஆடி மழையில் மரம் விழுந்து ஒரு நாள் முழுக்கக் கரண்ட் போனால் பேட்டரி நாலு மணி நேரத்தில் படுத்துவிடும். இடி இறங்கினால் சுவிட்சும் சேர்ந்து போகும். அந்தப் பெட்டிகளைக் கழற்றி இறக்கிய நாளில் எங்கள் லைன்மேன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் ஜிபானில் டிபி (ஒளி இழப்பின் அளவு) கணக்கு பிசகக் கூடாது. பி பிளஸ் வகை ஆப்டிக்ஸ் (ஒளியை அனுப்பி வாங்கும் பாகம்) மொத்தம் 28 டிபி இழப்பைத்தான் தாங்கும். 64 பிரிப்பு மட்டுமே அதில் 20, 21 தின்றுவிடும். 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 என்று வைத்தால் 8 கிலோமீட்டருக்கு 2.8. மிஞ்சும் நாலு சொச்சத்துக்குள்தான் எல்லா கனெக்டரும், அறுந்து அறுந்து ஒட்டிய ஸ்ப்ளைஸும் அடங்க வேண்டும். கண்ணுக்கு எதிரே தெரியும் லைன் வீட்டுக்குக்கூட இங்கே கேபிள் மூன்று வளைவு சுற்றித்தான் போகும். அதனால் தோட்டப் பக்கம் 32க்கு மேல் நான் பிரிப்பதில்லை. அதிலேயே 3 டிபி மிச்சம்.

அந்த மிச்சத்தையும் ஆணி ஒன்று சாப்பிட்ட கதை உண்டு. "அண்ணா, சிவப்பு லைட்டு எரியுதுங்க" என்று ஒரு லைன் வீட்டிலிருந்து போன். ஒளியை அளக்கும் பவர் மீட்டர் மைனஸ் 29 காட்டியது; வீட்டிலிருக்கும் பெட்டியான ஓஎன்டிக்கு மைனஸ் 27 வரைதான் கண் தெரியும். வீட்டுக்கு இறங்கும் டிராப் கேபிளைக் கழற்றி, எந்த இடத்தில் எவ்வளவு ஒளி இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் போட்டேன். 1310இல் சின்னப் படி, 1550இல் அதே இடத்தில் பெரிய பள்ளம். அலைநீளம் கூடினால் வளைவில் ஒளி அதிகம் கசியும். ஆக, அறுந்ததல்ல, எங்கோ மடிந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் சில்வர் ஓக் மரத்து ஆணியில் மிச்சக் கேபிளை இறுக்கிச் சுருட்டி, அதன் மேலேயே துணிக்கொடி கட்டியிருந்தார்கள். அவிழ்த்ததும் மைனஸ் 23. அன்றிலிருந்து டிராப்புக்கு வளைவு தாங்கும் ஜி.657 ரகம்தான் வாங்குகிறேன்.

ஜிபானின் உண்மையான பலவீனம் வேறு. இறங்கும் 2.5 ஜிகாபிட்டும் ஏறும் 1.25 ஜிகாபிட்டும் அத்தனை பேருக்கும் பொது. ஏறும் திசையில் ஒவ்வொரு ஓஎன்டியும் தன் முறை வரும்போது மட்டும்தான் லேசரைப் போட வேண்டும். ஒரு ஓஎன்டி கெட்டுப்போய் லேசரை அணைக்காமல் விட்டால் அந்த ஸ்ப்ளிட்டரில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துப் போகும். பனிமூட்டத்தில் கம்பத்தில் ஏறி ஸ்ப்ளிட்டரின் ஒவ்வொரு கிளையாகக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அதனால்தான் மருத்துவமனைக்கு நேரடி ஃபைபர் போடச் சொல்வேன். தனி கோர், தனி போர்ட், இரு திசையும் ஒரே வேகம். பக்கத்து வீட்டு ஓஎன்டி கெட்டால் ஸ்கேன் படம் நிற்காது. விலை கோரில்தான். 24 கோர் கேபிளில் ஆளுக்கொரு கோர் கொடுத்தால் 24 பேரோடு சரி. ஃபேக்டரிக்கும் பள்ளிக்கும் ஜிபானின் அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் போதும் என்பது என் கட்சி. இரு திசையும் 10 ஜிகாபிட். இறங்க 1577, ஏற 1270 நானோமீட்டர் என்று வேறு அலைநீளங்களில் ஓடுவதால் ஜிபான் போகும் அதே கோரிலேயே, அதே ஸ்ப்ளிட்டரிலேயே சேர்ந்து போகும். புதிதாகக் குழி தோண்ட வேண்டாம். காட்டோரம் குழி தோண்ட அனுமதிக்கு அலைந்தவர்களுக்கு இது ஒன்றே போதும்.

சரி, மலைப்பாதைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூர் சுமார் 34 கிலோமீட்டர். ஒரு ஜோடி கோரில் பல நிறங்களை (அலைநீளங்களை), நிறத்துக்கு ஒரு சேனலாக, ஏற்ற சிடபிள்யூடிஎம், டிடபிள்யூடிஎம் என்று இரண்டு வழி. முன்னதில் நிறத்துக்கு நிறம் 20 நானோமீட்டர் இடைவெளி, தரப்படி 18 சேனல். நடைமுறையில் 1471 முதல் 1611 வரை 8தான் பெரும்பாலும் ஓடும். பழைய ஃபைபரில் 1383 அருகே ஈரம் ஒளியைக் குடித்துவிடும் என்பதும் ஒரு காரணம். பின்னதில் இடைவெளி 0.8 நானோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. 40, 80 சேனல் போகும், இடிஎஃப்ஏ என்ற ஒளிப் பெருக்கி வைத்து எல்லாவற்றையும் ஒரே அடியாகப் பெருக்கலாம்.

மலைக்கு எது? லேசரின் நிறம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 நானோமீட்டர் நகரும். ஏப்ரலில் மேட்டுப்பாளையத்து ஷட்டர் அறைக்கும் ஜனவரி உறைபனியில் ஊட்டித் தகரக் கொட்டகைக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் 4 நானோமீட்டர். சிடபிள்யூடிஎம் இதைக் கண்டுகொள்ளாது. டிடபிள்யூடிஎம்மில் அது ஐந்து சேனல் தாண்டிய தூரம். அதனால் லேசருக்குள்ளேயே குளிரூட்டி வேண்டும், விலையும் கரண்டும் ஏறும். 34 கிலோமீட்டருக்கு இழப்பு ஒன்பது டிபி போலத்தான், பெருக்கியே தேவையில்லை. அப்படியிருக்க டிடபிள்யூடிஎம்மின் முக்கியமான பலத்துக்கு எதற்குக் காசு? எட்டும் நிறைந்தால் 1551 சேனலைத் திறந்து அதற்குள் டிடபிள்யூடிஎம் நிறங்களை நுழைத்துக்கொள்ளலாம். ஒரே நிறத்தில் 400 ஜிகாபிட் அனுப்பும் 400இசட்ஆர் மாட்யூலெல்லாம் மாநிலம் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு.

இத்தனை நிறமும் ஒரே பள்ளத்தில் போனால் ஒரு மண்சரிவு போதும். 2009 நவம்பரில் மண்சரிவு 40க்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கிய மாவட்டம் இது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. நானும் பயந்து இரண்டு இடத்தில் லிங்க் வாங்கினேன். இரண்டாவது நிறுவனம் வேறு பாதை என்று வரைபடம் காட்டியது. ஒரு மழை இரவில் இரண்டும் ஒரே நிமிடத்தில் போயின. காலையில் போய்ப் பார்த்தால் பர்லியாருக்கு மேலே ஒரே குழியில் இரண்டு டக்ட் (கேபிள் குழாய்), இரண்டும் ரோட்டோடு கீழே.

இப்போது இரண்டாவது பாதை கோத்தகிரி வழி. சுற்றிக்கொண்டு குன்னூர் வர 55 கிலோமீட்டர் போல ஆகிறது. அதனால் இரண்டு பக்கத்துக்கும் 80 கிலோமீட்டர் ரக எஸ்எஃப்பி (லேசர் மாட்யூல்)தான். மாற்றிப் போட்டாலும் ஓடும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட மறந்து ஒரு ஜோடியின் ரிசீவரைக் கருக்கிவிட்டேன், அது தனிச் செலவு. கையெழுத்துப் போடும் முன் கோத்தகிரி ரோடு முழுக்க பைக்கில் போய், ஒவ்வொரு ஜாயிண்ட் சேம்பரையும் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.