ஏ-10சி மாட்யூல்: பீரங்கிக்காக வாங்கினேன், ரேடியோவுக்காக வைத்திருக்கிறேன்

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கம்ப்யூட்டர் போர் விமான சிமுலேட்டரில் ஏ-10சி என்ற அமெரிக்கத் தரைத்தாக்குதல் விமானத்தை வாங்குகிற எல்லோரும் அந்தப் பீரங்கிக்காகத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான், இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஏழு குழல், 30 மி.மீ. தோட்டா, நிமிடத்துக்கு 3,900 வீதம் துப்பும். ஏற்றுவது என்னவோ சுமார் 1,150 தோட்டாதான், விசையை விடாமல் பிடித்தால் 18 விநாடிக்குள் காலி. முதல் வாரம் முழுக்க மிஷன் எடிட்டரில் டாங்குகளை வரிசையாக நிறுத்தி வைத்துச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் சலித்துவிட்டது. அப்புறம்தான் இந்த மாட்யூலில் நிஜமாகவே விஷயம் இருக்கிற இடம் எது என்று தெரிந்தது. அது குளோஸ் ஏர் சப்போர்ட். தரையில் நம் ஆட்கள் எதிரிக்குப் பக்கத்திலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, அவர்கள் மேல் படாமல் எதிரி மேல் மட்டும் போடுகிற வேலை. இந்த விமர்சனம் அதைப் பற்றி மட்டும்தான். பறக்கும் விதம், கிராஃபிக்ஸ், ஃபிரேம் ரேட் எல்லாம் எழுதப் போவதில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டிசிஎஸ் வேர்ல்ட் இலவசம், விமானங்களைத் தனித்தனியாக வாங்க வேண்டும். ஏ-10சி முதலில் வந்தது 2011-ல். 2020-ல் 'ஏ-10சி 2 டாங்க் கில்லர்' என்று புதுப்பித்தார்கள். ஹெல்மெட்டில் தெரியும் குறி, லேசர் வழிகாட்டும் ராக்கெட், ஜிபியு-54 குண்டு எல்லாம் அதில் கூடுதலாக வந்தவை. மூன்றில் எனக்கு உபயோகமானது ஹெல்மெட்தான். கண்ணாடிக்கு வெளியே ஒரு பாலத்தைப் பார்த்து ஸ்டிக்கில் ஒரு பட்டனை அழுத்தினால் அதுவே எஸ்பிஐ, அதாவது விமானம் முழுவதும் கவனம் வைக்கிற புள்ளி. த்ராட்டிலில் சைனா ஹாட் என்ற சுவிட்சை முன்னால் தள்ளிக் கொஞ்சம் பிடித்தால் இலக்கைத் தேடும் கேமராவான டார்கெட்டிங் பாட் முதல் மேவரிக் ஏவுகணை வரை எல்லாம் அந்தப் புள்ளிக்குத் திரும்பிவிடும். இந்த வசதி இல்லாமல் ஒரு மலையிடுக்கில் பாட் கேமராவை வைத்து ஒரு வீட்டைத் தேடிப் பாருங்கள், உறிஞ்சு குழாய் வழியாக உலகத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். தரையில் இருந்து விமானத்தை வழிநடத்துகிறவர் ஜேடாக். நாம் அவர் அலைவரிசைக்குப் போய் முதலில் நம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்: எத்தனை விமானம், எங்கே, எந்த உயரத்தில், என்னென்ன ஆயுதம், எவ்வளவு நேரம் இருக்க முடியும், லேசருக்கான குறியீட்டு எண் என்ன. அவர் நிலவரத்தைச் சொல்வார், எந்த வகைக் கட்டுப்பாடு என்று சொல்வார். டைப் 1 என்றால் ஒவ்வொரு தாக்குதலிலும் விமானத்தையும் இலக்கையும் அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். டைப் 2-ல் இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனாலும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனித்தனி அனுமதி. டைப் 3-ல் ஒரே அனுமதியில் பல முறை தாக்கலாம். அதற்கப்புறம்தான் புகழ்பெற்ற நைன்-லைன், அதாவது தாக்குதலுக்கான ஒன்பது வரித் தகவல். எந்த இடத்தில் இருந்து கிளம்புவது, எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பது முதல் மூன்று வரி. இலக்கின் உயரம் நான்காவது, இலக்கு என்ன என்பது ஐந்தாவது, எங்கே இருக்கிறது என்பது ஆறாவது, எப்படி அடையாளம் காட்டப்படும் என்பது ஏழாவது, நம் ஆட்கள் எங்கே என்பது எட்டாவது, அடித்துவிட்டு எந்தப் பக்கம் விலகுவது என்பது ஒன்பதாவது. தலைப்பு எதுவும் சொல்ல மாட்டார், வரிசையாக எண்களும் சொற்களும் மட்டும் வரும். எந்த எண் எதற்கு என்பது நம் தாளில் இருக்கிற இடத்தை வைத்துத்தான் தெரியும். நான்காவது, ஆறாவது வரிகளையும், தாக்கும் திசை போன்ற கட்டுப்பாடுகளையும் நாம் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும்.

டிசிஎஸ்ஸிலேயே ஒரு கம்ப்யூட்டர் ஜேடாக் உண்டு. ரேடியோ மெனுவில் கூப்பிட்டால் வருவார், நைன்-லைன் சொல்வார், புகை போடுவார், லேசர் அடிப்பார், டேட்டாலிங்க்கில் இலக்கை அனுப்பி உங்கள் மேப் திரையில் ஒரு சிவப்பு முக்கோணத்தையே வைத்துவிடுவார். வரிசையைப் பழகிக்கொள்ள இவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். நான் இருபது முப்பது தடவை இவரோடுதான் ஓட்டிப் பழகினேன். ஆனால் இவர் தப்பே செய்ய மாட்டார் என்பதை மறக்கக் கூடாது. ஆயத்தொலைவு எப்போதும் துல்லியம். திருப்பிச் சொல்வதற்கு நாம் மெனுவில் ஒரு எண்ணை அழுத்தினால் போதும், விமானியின் குரல் தானாகவே சரியாக ஒப்பித்துவிடும். நான் தாளில் என்ன கிறுக்கி வைத்திருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது. ஆக, இரண்டு பக்கமும் பிழையே நேராத ஒரு உரையாடலில், பிழையைப் பிடிப்பதற்காகவே உண்டான சடங்கை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இது எனக்கு உறைத்தது மனித ஜேடாக் கிடைத்த அன்றைக்குத்தான். கம்பைன்ட் ஆர்ம்ஸ் என்று இன்னொரு மாட்யூல் இருக்கிறது, அது இருந்தால் ஒருவர் தரையில் ஜேடாக்காக உட்காரலாம். கூடவே எஸ்ஆர்எஸ் என்ற இலவச ரேடியோ மென்பொருள். விளையாடுகிறவர்களே எழுதியது. காக்பிட்டில் எந்த அலைவரிசை வைத்திருக்கிறீர்களோ அதில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் உங்கள் குரல் கேட்கும், நடுவில் மலை வந்தால் கரகரத்துப் போகும்படியும் வைக்கலாம். ஏ-10சி-யில் மூன்று ரேடியோ, த்ராட்டிலில் இருக்கிற மைக் சுவிட்சை முன்னால், பின்னால், கீழே என்று தள்ளுவதைப் பொறுத்து ஒவ்வொன்றில் பேசும். முதல் நாள் என் மொத்த நைன்-லைனையும் பயபக்தியோடு கூடப் பறந்த என் விங்மேனிடம் ஒப்பித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு மச்சி, ஆனா இதை ஏன் எங்கிட்ட சொல்ற?" என்றான்.

இரண்டாம் நாள் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். காகசஸ் மேப், சாயங்கால வெளிச்சம், ஒரு பாலத்துக்குத் தெற்கே இரண்டு கவச வண்டிகள். ஜேடாக்காக உட்கார்ந்திருந்தவன் ஆறாவது வரியை எட்டு இலக்கத்தில் சொன்னான், வடக்கு-தெற்கு நிலையைக் காட்டுகிற கடைசி நான்கு 4736. நான் ஒரு கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, தொடை மேல் இருந்த தாளில் 4763 என்று எழுதினேன். எட்டாவது வரி: நம் ஆட்கள் வடக்கே 400 மீட்டர். எட்டு இலக்கத்தில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் பத்து மீட்டர், அப்படியென்றால் நான் எழுதியது 270 மீட்டர் வடக்கே. 500 பவுண்டு ஜிபியு-38 குண்டு ஒன்று நம் ஆட்களுக்கு 130 மீட்டர் தள்ளி விழுந்திருக்கும். நான் திருப்பிச் சொன்னதும் "நெகட்டிவ்" என்று வெட்டினான். திருத்தி எழுதும்போது நிஜமாகவே உள்ளங்கை வியர்த்தது, விளையாட்டுதான் என்று தெரிந்தும்.

அன்று ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். திருப்பிச் சொல்வது என் தப்பைப் பிடிக்கும், சரி, அவன் தப்பை எது பிடிக்கும்? 2001 டிசம்பர் 5 அன்று காந்தகார் அருகே நடந்தது இதுதான். அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர் ஜிபிஎஸ் கருவியில் பேட்டரி மாற்றினார், திரும்ப உயிர் பெற்ற கருவி இலக்கின் இடத்துக்குப் பதிலாக அவர் நின்ற இடத்தையே காட்டியது, அந்த எண் அப்படியே மேலே போனது. பி-52 போட்ட 2,000 பவுண்டு குண்டு அவர்கள் நிலை மேலேயே விழுந்து மூன்று அமெரிக்கச் சிறப்புப் படையினரும் அவர்களோடு இருந்த ஆப்கன் வீரர்களும் இறந்தார்கள். இந்த மாதிரி எண்ணை எத்தனை தடவை திருப்பிச் சொன்னாலும் சரியாகத்தான் ஒலிக்கும். ஆறாவது வரியை மேப்பில் குத்தி, எட்டாவது வரி சொல்கிற திசையிலும் தூரத்திலும் நம் ஆட்கள் இருக்கிறார்களா, ஐந்தாவது வரி சொல்கிற பொருள் அங்கே தெரிகிறதா, நான்காவது வரியின் உயரம் அந்த இடத்து உயரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும். ஒன்பது வரிகளும் ஒன்றையொன்று சாட்சி சொல்வதற்காகத்தான் இருக்கின்றன என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இந்த வேலையை மேப் திரை, சிடியு என்ற கணினிப் பலகை, பாட் கேமரா மூன்றையும் வைத்து முழுதாகச் செய்ய இந்த மாட்யூல் விடுகிறது. இந்த மாட்யூலுக்கு நான் தருகிற பெரிய பாராட்டு அதுதான். சிடியு-வில் எண்களைத் தட்டித் திரை ஓரத்துப் பட்டனை அழுத்தி ஏற்றுவது முதலில் பழைய ஏடிஎம்மில் பணம் எடுப்பது மாதிரி எரிச்சலாக இருக்கும், பழகிவிடும்.

ஆயத்தொலைவு இல்லாமல் கண்ணால் பார்த்தே போடுகிற வகை இன்னும் சுவாரசியம். ஜேடாக் பெரியதில் இருந்து சின்னதுக்கு வருவான்: ஆற்று வளைவு தெரிகிறதா, அதில் இருந்து கிழக்கே போகிற சாலை, அந்தச் சாலையின் நீளத்தை ஓர் அளவு என்று வைத்துக்கொள், அதே அளவு தெற்கே வந்தால் தனியாக ஒரு வீடு. இங்கே 'கான்டாக்ட்' என்றால் நீ சொன்ன அடையாளம் தெரிகிறது என்று அர்த்தம். 'டாலி' என்றால் இலக்கே தெரிகிறது. 'விஷுவல்' என்றால் நம் ஆட்கள் தெரிகிறார்கள். நான் அந்த வீட்டைப் பார்த்த ஆர்வத்தில் "டாலி" என்று கத்தினேன். "எதை டாலி?" என்றான். வீட்டை. "வீடு என்ன பண்ணுச்சு உன்னை?" என்றான். மொத்தத்தையும் ஆற்று வளைவில் இருந்து மறுபடி ஆரம்பிக்க வைத்தான், அப்போது கோபம் வந்தது, ஆனால் அவன் செய்ததுதான் சரி. 2003 மார்ச் 28 அன்று பாஸ்ரா அருகே இரண்டு ஏ-10 விமானங்கள் ஒரு பிரிட்டிஷ் கவச வண்டி அணியைத் தாக்கின. வண்டிகள் மேல் நட்புப் படை என்று காட்டுவதற்காகவே ஆரஞ்சு நிறப் பட்டைகள் இருந்தன, விமானிகளும் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஆரஞ்சு நிற ராக்கெட்டுகள் என்று முடிவு கட்டினார்கள். ஒரு பிரிட்டிஷ் வீரர் இறந்தார். கண்ணில் பட்டதற்கும் அது இன்னது என்று தெரிந்ததற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் ஒன்று உண்டு. வேறு யாரோ தயாரித்த ஒரு மிஷன் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கினேன், பெயர் வேண்டாம். குரல் நடிப்பு அருமை, பின்னணியில் துப்பாக்கிச் சத்தம் எல்லாம் வைத்து ஜேடாக் மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவார். திருப்பிச் சொல்ல ஸ்பேஸ் பாரை அழுத்தச் சொன்னது, சரி, இருக்கட்டும். தாக்கும் திசை 270-க்கும் 290-க்கும் நடுவே மட்டும் என்று கட்டுப்பாடு சொன்னது, நான் சந்தேகப்பட்டு வேண்டுமென்றே வடக்கில் இருந்து நம் ஆட்களின் தலைக்கு மேலேயே பறந்து வந்து சுட்டேன். "பிரமாதம், நல்ல அடி" என்றார் ஜேடாக். அன்றைக்கே அன்இன்ஸ்டால்.

சாமான் விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஸ்டிக்கும் த்ராட்டிலும் பட்டன் நிறைய இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், கீபோர்டை வைத்து இந்த விமானத்தில் குளோஸ் ஏர் சப்போர்ட் செய்வது சமையலறைக்கும் வாசலுக்கும் மாறி மாறி ஓடுவது மாதிரி. விஆர் கண்ணாடி அழகுதான், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தாளில் எழுத முடியாது, மூக்கின் கீழே தெரிகிற சின்ன இடுக்கு வழியாகக் கிறுக்கிப் பார்த்தேன், 4763 வந்தது அப்படித்தான்.

தனியாக மட்டும் விளையாடப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம், நல்ல சிமுலேட்டர், கம்ப்யூட்டர் ஜேடாக்கோடு மாதக்கணக்கில் ஓட்டலாம். கூட ஒரு ஆள் கிடைப்பான் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

போன சனிக்கிழமை கடைசியாகப் பறந்தோம். ஜேடாக்காக இருந்தவன் டேஞ்சர் குளோஸ் கேட்டான், அதாவது குண்டு நம் ஆட்களுக்கு ஆபத்தான நெருக்கத்தில் விழும், பொறுப்பேற்கும் தரைத் தளபதியின் முதலெழுத்துகளையும் சேர்த்துச் சொன்னான், எழுதிக்கொண்டேன். சரியான திசையில் திரும்பி "இன்", அதாவது தாக்க வருகிறேன், என்றேன். பதில் வரவில்லை. அதே நொடியில் வேறு யாரோ குறுக்கே பேசியிருக்கிறார்கள். இலக்கு பாட் திரையில் பெரிதாகிக்கொண்டே வந்தது, விரல் பரபரத்தது, போட அனுமதி தருகிற 'கிளியர்ட் ஹாட்' என்ற இரண்டு சொல் காதில் விழாததால் போடாமல் விலகினேன். இரண்டாவது சுற்றில் "அபார்ட்" என்றான், நம் ஆட்கள் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சுற்றுக்கு எரிபொருள் இல்லை. இரண்டு மணி நேரம் பறந்து, ஏற்றிய குண்டுகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இறங்கினேன், பல மாதங்களில் இவ்வளவு நல்ல சனிக்கிழமை வாய்த்ததில்லை. அடுத்த வாரம் இடம் மாற்றம், அவன் விமானத்தில், நான் தரையில். மூன்றாவது வரி கடல் மைலில், நான்காவது அடியில், எட்டாவது மீட்டரில் சொல்ல வேண்டும் என்பதை இப்போதே சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.