பில்ஸ்டைன் பி4: பழைய ஈ-கிளாஸுக்குப் போதும்

டபிள்யூ211 (பழைய தலைமுறை ஈ-கிளாஸ்) மெர்சிடிஸின் பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிய ஆரம்பித்து, வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருந்ததால், பில்ஸ்டைன் பி4 ஷாக் ஜோடி வாங்கி நானே மாட்டினேன். ஒன்று போனாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஸ்டீல் ஸ்பிரிங் மாடலில் பின்பக்க ஸ்பிரிங் தனியாக இருப்பதால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரசர் தேவையில்லை, ஆனால் கீழ் போல்ட்டைக் கழற்றும் முன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கன்ட்ரோல் ஆர்முக்கு (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைக்கு) அடியில் கட்டாயம் ஜாக் கொடுங்கள், இல்லையென்றால் அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் ஆர்மைச் சட்டென்று கீழே தள்ளிவிடும். ஏர்மேட்டிக் (ஸ்டீல் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று சஸ்பென்ஷன்) வண்டியா? அது வேறு கதை, இதை வாங்காதீர்கள்.

கீழ் போல்ட்டின் கடைசி இறுக்கம் வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான், அப்போதுதான் ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்ளாது. இப்போது ஆட்டம் சுத்தமாக இல்லை, சொகுசும் குறையவில்லை. இறுக்கமான ஓட்டம் பிடித்தவர்கள் பி6 பார்க்கலாம்.